மோர்மிளகாய்க்கு ஒரு குடை

டண்டினொங் வீட்டுப் பின்வளவில் பவளம் மூன்றாம் தடவையாக மோர்மிளகாயைக் காயப் போட்டாள். தட்டை உள்ளே கொண்டுபோனால் வெயில் சுள்ளென்று எறிக்கும்; வெளியே வைத்தால் மழை கொட்டும். இந்த மெல்பேர்ன் வானத்துக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அதைவிட வெட்கமில்லாதது, இன்று முழுநாளும் வெயில் என்று அவள் கணவர் இரத்தினசிங்கம் காலையில் வாசித்துக் காட்டிய போன்.

மறுபடியும் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

"இஞ்சருங்கோ! உங்கட போன் இப்ப என்ன சொல்லுது?"

அவர் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்து போனை உற்றுப் பார்த்தார். "மழை இல்லையெண்டுதான் போட்டிருக்கு."

"அப்ப உங்களுக்கு என்னத்துக்குக் குடை? வெயில்தானே, நில்லுங்கோ!" என்று அதைப் பறித்து மிளகாய்த் தட்டுக்கு மேல் பிடித்தாள் பவளம்.