இருட்டில் வராத ஈ

பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்த கெங்கம்மாவை டாக்டர் பெர்சிஸ் உள்ளே கூப்பிட்டபோது, உடலைக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். தம்பி செங்குட்டுவன் டீ வாங்கப் போயிருந்தான். விடியற்காலையில் கதவைத் தட்டி, “மாமா பூட்டாருக்கா” என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுததிலிருந்து போலீஸ், ஆம்புலன்ஸ், வீட்டு வாசலில் பந்தல் என்று எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறையில் இன்ஸ்பெக்டரும் இருந்தார்.

“உங்க வீட்டுக்காரர் கடைசியா எப்போ உயிரோட இருந்தார்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“நேத்து ராத்திரி. எந்தம்பியும் அவரும் ஒண்ணாத்தான் சாப்ட்டாங்க. யார்டு ரூம்லயே படுத்துகினாரு. காலைல தம்பி எழுப்பினா எழுந்துக்கலியாம்.”

எண்ணூர் பக்கம் ஒரு யார்டில் டேங்கர்களுக்குள் இறங்கிக் கழுவும் வேலை அவள் புருஷன் கோதண்டத்துக்கு. மச்சானை அங்கே கூட்டிப்போய்ச் சேர்த்ததே அவர்தான். படித்தவன் என்பதால் செங்குட்டுவன் சீக்கிரமே சூப்பர்வைசராகி மாமாவுக்கே வேலை சொல்லும்படி ஆனான். அதை அவர் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். “அவர் கண்ணோரத்துல, மூக்குல ஈ முட்டை இருந்துச்சும்மா. சிலது பொரிச்சுப் புழுவாவே ஆயிடுச்சு. இந்தப் பச்சை ஈ பகல்லதான் வந்து முட்டை வைக்கும், பொதுவா இருட்டுல வைக்காது. மூடின ரூம்ல ராத்திரி படுத்தவருக்கு விடியறதுக்குள்ள இவ்வளவு ஆகாது. நேத்து பகல்லயே அவர் இறந்திருக்கணும். வெளியில எங்கேயோ கிடந்திருக்கார்.”

கெங்கம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். கூடையில் ஒரு ஈ உட்கார விடமாட்டாள். அவர் முகத்தில் உட்கார்ந்ததை ஓட்ட ஒரு ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் போன் ஞாபகம் வந்தது. நேற்று பொழுது சாய்ந்ததும் அவருக்குப் போன் அடித்தாள். எடுத்தவன் தம்பி. “மாமா கை கழுவிகினு கீறாருக்கா. சாப்ட்டு இங்கியே படுத்துக்குறாராம்” என்றான். வாயை போனிலிருந்து நகர்த்தி, “மாமா, அக்காதான்!” என்று குரல் வேறு கொடுத்தான். கொழம்பு எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லச் சொன்னாள். சொல்கிறேன் என்றான். செத்துக் கிடந்தவரைப் பார்த்தா அப்படிக் கூப்பிட்டான்?

வெளியே வந்தாள். இரண்டு பேப்பர் கப்புகளைச் சிந்தாமல் பிடித்தபடி செங்குட்டுவன் வந்துகொண்டிருந்தான்.

“நேத்து நான் போன் பண்ணசொல்லோ மாமா எங்கடா இருந்தாரு?”

அவள் பின்னால் வந்து நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் அவன் அங்கேயே நின்றான்.

“டேங்க்ல எறங்குனாருக்கா. உள்ள வெஷ கேஸு. மேல தூக்கசொல்லவே உசுரு இல்ல. விசயம் வெளிய போனா யார்டையே மூடிடுவாங்க, உன்னத்தான் உள்ள வைப்பாங்கன்னு மொதலாளி சொன்னாரு. நான் பயந்துட்டேன். ஆளுங்கல்லாம் போனப்புறம் ரூமுக்குத் தூக்கினு போனோம்.”

“அதுவரிக்கும்?”

“டேங்கருக்குப் பின்னால. தார்ப்பாய் போட்டுத்தான் மூடி வெச்சேன்க்கா. வெயில் படாம.”

“பக்கத்துல யாருனா ஒக்காந்துகினு இருந்தாங்களா?”

அவன் கையிலிருந்த கப்புகளையே பார்த்தான். இந்தப் பயல் காய்ச்சலில் படுத்தபோது பாயை விட்டு நகராமல் விசிறிக்கொண்டிருந்தவர் கோதண்டம். அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை.

“வாக்குமூலம் எழுதணும்மா. உங்ககூட போன்ல பேசினது யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அக்கா…” என்றான் செங்குட்டுவன். விடியற்காலையில் அவள் காலடியில் கேட்டதும் இதே குரல்தான்.

“எந்தம்பி சார்” என்றாள் கெங்கம்மா. “பேரு செங்குட்டுவன்.”

கான்ஸ்டபிள் வந்து அவன் தோளைத் தொட்டார். கப்புகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்தான். பிறகு குனிந்து, ஒன்றை அவள் கால் பக்கத்தில் வைத்தான். இன்னொன்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தான். கீழே இருந்த டீயின் மேல் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.