எடுத்த சதையைக் கேட்டு வாங்குங்கள்

அந்தப் பல் டாக்டரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் வீக்கம் என்று அவரிடம் போனேன். பல்லைப் பிடுங்கினார். அடியில் இருந்த சதைப் பையைச் சுரண்டி எடுத்து, பஞ்சோடு பஞ்சாகக் குப்பைக் கூடையில் போட்டார்.

"அதை டெஸ்டுக்கு அனுப்ப வேண்டாமா டாக்டர்?"

"வெறும் நீர்க்கட்டிம்மா. இங்க டாக்டர் நானா, நீங்களா?"

வாயை மூடிக்கொண்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அது நீர்க்கட்டி இல்லை. பல்லை உருவாக்கும் செல்களிலிருந்தே கிளம்புகிற அபூர்வமான கட்டி. புற்றுநோய் இல்லையாம், ஆனால் சத்தமில்லாமல் எலும்பைத் தின்னுமாம். பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது பாதிக் கீழ்த்தாடையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. "அன்னைக்கே அந்தச் சதையைப் பார்த்திருந்தா தாடை தப்பிச்சிருக்கும்" என்றார் ஆபரேஷன் செய்தவர். இன்றைக்கும் தண்ணீர் குடித்தால் ஓரமாக ஒழுகுகிறது.

பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தேன். குப்பைக்குப் போனதற்கு ஆதாரம் எங்கே என்று கையை விரித்தார்கள்.

என் அக்கா ஒரு லேபில், டெஸ்டுக்கு வரும் சதையைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறவள். அவளிடம், சதை கெடாமலிருக்க மருந்துத் தண்ணீர் ஊற்றிய குட்டி டப்பாக்கள் கேட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமாடி?" என்றாள். பை நிறையக் கொடுத்தாள்.

செவ்வாய்தோறும் அந்தப் பல் டாக்டரின் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். வெட்டின தாடையை மறைக்கக் கட்டியிருந்த முகத்துணியை அவிழ்த்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டப்பா கொடுத்தேன். "சதை எதையாவது எடுத்தா இதுல போடச் சொல்லுங்க. இல்லேன்னா என் மூஞ்சியைப் பாருங்க." பார்த்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். சிலர் அப்படியே எழுந்து போனார்கள்.

டோக்கன் கொடுப்பது டாக்டரின் மனைவி. வாராவாரம் என்னை விரட்டுவாள். "நானும் பேஷண்ட்தான், டோக்கன் குடுங்க" என்று நகராமல் இருப்பேன்.

ஐந்தாவது செவ்வாய், அவளே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கன்னம் உப்பியிருந்தது.

"எனக்கும் ஒண்ணு குடுங்க."

டாக்டர் கதவருகே நின்றார். "என்ன கூத்து இது? நீர்க்கட்டிதான்னு சொன்னேன்ல?"

அவள் திரும்பக்கூட இல்லை. "இவங்ககிட்டயும் அதைத்தானே சொன்னீங்க?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் டப்பாவோடு பேனாவையும் நீட்டினேன்.

"பேரை நல்லா பெருசா எழுதுங்கம்மா" என்றேன், அவர் காதில் விழும்படி. "குப்பைக்குப் போயிடப் போகுது."