பாருக்குப் போன மரம்

போர் நடந்துகொண்டிருந்த அந்தக் கோடையில் அடையாற்று முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. மடவை மீன் ஏறவில்லை. திருவான்மியூர்ப் பக்கம் போய் வலைவிட்டாலும் விலைபோகாத சொறிமீன்தான் வந்தது. ஊரூர்க் குப்பத்துச் சுப்புராயன் வெறும் வலையோடு திரும்பித் திரும்பி அலுத்துப் போனான்.

"பாருக்குப் போலாம் மாமா," என்றான் வடிவேலு. சுப்புராயன் மனைவி தேவானையின் தம்பி. அக்காள் கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்தவன். சுப்புராயனோடு ஒரே கட்டுமரத்தில் துடுப்புப் போட்டு ஆளானவன்.

பார் என்பது ஆழத்தில் கிடக்கும் பாறைத்திட்டு. சாந்தோம் கோபுரம் விரல் நகமாகச் சிறுத்துத் தெரியும் தூரம். சங்கரா மீன் அங்கேதான் மேயும். ஆனால் அவ்வளவு தூரம் யாரும் போகக்கூடாது என்று பட்டாளத்தார் தண்டோரா போட்டிருந்தார்கள்.

"கட்டுக் கயிறு நைஞ்சு கீதுடா. புதுசு எங்கயும் கெடைக்கல."

"கெடைக்கிற வரைக்கும் அக்கா இன்னாத்த பொங்கும்?"

மறுநாள் விடிந்தும் விடியாமலும், காவல்காரர் கண்ணில் படாதபடி மணல்மேட்டுக்குத் தெற்கே மரத்தை இறக்கினார்கள்.

பார் ஏமாற்றவில்லை. தூண்டில் போட்ட இடமெல்லாம் சங்கரா ஏறியது. வடிவேலுவின் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் மாமா," என்றான். தெற்கே வானம் கறுப்பதைச் சுப்புராயன் பார்த்தான். பார்த்தும் தலையாட்டினான்.

காற்று அடித்தபோது கட்டுமரத்தைப் பிணைத்திருந்த கயிறு அறுந்து மரங்கள் தனித்தனியாகப் பிரிந்தன. வடிவேலு ஒற்றை மரத்தைக் கட்டிக்கொண்டு வடக்கே விலகிப் போனான். "கைய விட்டுடாதடா," என்று கத்தியபடி சுப்புராயன் வெறுங்கையால் தண்ணீரைத் தள்ளினான். ஓர் அலை இறங்கியதும் வடிவேலு தெரிந்தான். அடுத்த அலை இறங்கியபோது தெரியவில்லை.

இரண்டு மரங்களோடு சுப்புராயனைத் திருவொற்றியூர்க் கரையில் கடல் ஒதுக்கிப் போட்டது. ஊர்வழியே நடந்து வந்து தேவானையிடம் சொன்னான்.

"மரத்தப் புடிச்சிக்கினுதான போனான்? அப்ப உசுரோடதான் கீறான்," என்று அவள் கடற்கரையில் இருந்த பட்டாளத்துக் காவல் முகாமுக்கு ஓடினாள்.

"தடுத்த இடத்துக்கு யாரைக் கேட்டுப் போனீங்க?" என்றார் ஹவில்தார். தேடப் போகவும் மரம் இறக்க விடவில்லை. தேவானை மணலில் விழுந்து அவர் காலைப் பிடித்தாள். குப்பத்து ஆண்கள் தங்கள் மரங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். சிப்பாய்களின் துப்பாக்கியைத் தாண்டி ஒருவரும் நகரவில்லை. சுப்புராயனும்தான். பொழுது சாய்ந்தது.

உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

ஒதுங்கிய மரங்களைக் கொண்டுவந்து, அறுந்த கயிற்றையே முடிந்து கட்டி, சுப்புராயன் கரையோரமாகவே தொழில் பார்த்தான். ஒன்றும் படவில்லை. கஞ்சியும் நின்றுபோன ஒரு நாள், தேவானை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "பாருக்கே போ."

போனான். இம்முறையும் காவல்காரர் கண்ணில் படவில்லை. மீன் இருந்தது. தூண்டிலை இழுக்கும்போதெல்லாம் அவன் கண் வடக்கே போயிற்று. தண்ணீரைத் தவிர அங்கே எதுவுமில்லை.

தேவானை கூடையைத் தூக்கிக்கொண்டு சாந்தோம் தெருக்களில் விற்கப் போனாள். விற்காமல் திரும்பினாலும், தம்பி போன பாரின் மீனில் ஒன்றைக்கூட அவள் அடுப்பில் ஏற்றியதில்லை.