லார்க்டன்: ஒன்று

என் அண்ணன் ஆரினுக்கு மனைவி இல்லை, நாய் இல்லை, இஸ்திரி போட்ட சட்டை ஒன்றுகூட இல்லை. ஒரு நோட்டு இருந்தது. அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் ஊருக்கு ஊர் வங்கிகள் தம் பெயர் போட்டு டாலர் நோட்டு வெளியிட்ட காலம் ஒன்று உண்டு. லார்க்டன் என்ற ஊரின் வங்கி நோட்டுகளில் மிஞ்சியது அது மட்டும்தான். பழைய நோட்டு சேகரிப்போர் சங்கத்தின் பட்டியலில் ‘லார்க்டன்: ஒன்று’ என்றிருக்கும். அந்த ‘ஒன்று’ தானே என்பதுபோல் அண்ணன் நடப்பார். சமைத்துப் போடும் தங்கை நான் கணக்கில் சேர்த்தியில்லை.

ஒரு வருடம் சங்கத்தின் கண்காட்சியில் நோட்டைக் கண்ணாடிக்குள் வைத்து, தன் மூச்சுகூடப் படாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் எங்களுக்குப் பின்வரிசையில் உட்காரும் லியோட்டா வந்தார். கணவரை இழந்தவர். கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார்.

“தாத்தாவோட பைபிளுக்குள்ள இருந்துச்சு. என்ன பெறும்னு பாருங்க, ஆரின்.”

அதே வங்கி. அதே காசாளரின் கையெழுத்து. அண்ணன் முகம் வெளுத்தது.

“ரொம்பக் கசங்கிக் கெடந்துச்சு. உங்ககிட்ட காட்டணுமேன்னு கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிட்டேன்.”

அண்ணன் நாற்காலியில் சரிந்தார். எங்கள் கூட்டத்தில் கசங்கிய நோட்டுக்கு மரியாதை உண்டு. இஸ்திரி போட்ட நோட்டுக்குத் துக்கம் விசாரிப்பார்கள். ஆனாலும் பட்டியலில் எண்ணினால் இனி லார்க்டன் இரண்டுதானே!

“பாதி வெலைகூடப் போகாது, லியோட்டா. நானே வாங்கிக்கறேனே?”

“எதுக்கு? யார் கண்ணுலயும் படாம பூட்டி வைக்கவா?”

“மாட்டிக்கிட்டியே அண்ணா,” என்றேன்.

“நீ சும்மா இரு, வெர்னா.”

லியோட்டா உறையை மூடினார். “விக்கவும் மாட்டேன், வெளிய சொல்லவும் மாட்டேன். ஆனா ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சதும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துடணும். ஒரு வாரம் வரலைன்னாலும் சங்கத்துக்குப் போன் போட்டுடுவேன்.”

தியாகியைப் போல அண்ணன் வாராவாரம் புறப்பட்டார். கொடுமை தாங்காமல் ஆப்பிள் ‘பை’ என்ற இனிப்பில் இரண்டாவது துண்டு கேட்டாராம்.

இலையுதிர் காலத்தில் சங்கத்தின் புதிய பட்டியல் வந்தது. ‘லார்க்டன்: இரண்டு. ஒன்று இஸ்திரி போட்டது.’ தகவல் அனுப்பியவர், ஆரின்.

செய்தி எட்டியதும் அன்றே லியோட்டா எனக்குப் போன் செய்தார், குரல் இறங்கியிருந்தது.

“இனிமே வரமாட்டாரா, வெர்னா? மிரட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்லையே.”

நான் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். உலகிலேயே ஒரே லார்க்டன்காரர் என்ற பட்டத்தைத் துறந்த மகான், தன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“வருவார்,” என்றேன். “கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிட்டிருக்கார்.”