குடி என்றே சொல்லிவிடுங்கள்

எங்கள் வீட்டுக்குள் வெங்காயம்கூட வந்ததில்லை. தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்போம். பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை படாது. நாங்கள் சமணர்கள்; அனந்தபுரம் பக்கத்தில் நயினார் வீடு என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை, என் மகன் சுமதிநாதன், எண்பத்து நாலாம் வருஷம், இருபத்தொரு வயதில், வயிறு வீங்கிக் கண் மஞ்சளாகி விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

பக்கத்துக் கட்டிலில் மண்ணாங்கட்டி என்று ஒருவர். சாராயத்தால் ஈரல் கெட்டவர். அவருக்கும் அதே வயிறு.

"தம்பிக்கு எந்தக் கடை, பெரியவரே?" என்றார். "நான் இருவது வருசமா குடிச்சிக்கினு சேர்த்த வயிறு இது. தம்பி அதுக்குள்ள முந்திட்டாரே."

"என் பிள்ளை ராத்திரியில மோர்கூடத் தொடமாட்டான்."

"நானும் பொண்டாட்டிகிட்ட அப்பிடித்தான் சொல்லி வச்சிருந்தேன்."

வார்டு சிரித்தது. சுமதிநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். போர்வையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். கை நடுங்கியதில் முடியவில்லை.

மெட்ராசிலிருந்து அந்த வாரம் வந்திருந்த டாக்டர் சவுரிராயன் அவன் கண்ணைக் கருவி வைத்துப் பார்த்தார். பிறகு என்னையும் என் மனைவி சந்திரவதியையும் வெளியே அழைத்தார்.

"இது குடியால வந்தது இல்லீங்க," என்றார். என் முதுகு நிமிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. "பிறவியிலயே வர்றது. சாப்பாட்டுல இருக்கிற செம்புச் சத்தை உடம்பு வெளியே தள்ளாது. அது ஈரல்ல போய்ச் சேரும். கருவிழியைச் சுத்திப் பழுப்பா வளையம் கட்டியிருக்கு. அப்பா, அம்மா ரெண்டு பேர் வழியிலயும் வந்தாத்தான் இது வரும். சொந்தத்துல கட்டினீங்களா?"

சந்திரவதி என் அக்காள் மகள். சொன்னேன்.

"இந்த மாதிரிக் குடும்பங்களைத்தான் ஆராய்ச்சி பண்றேன். கூடப் பிறந்தவங்களை உடனே பார்க்கணும். பையனுக்கு ரொம்ப முத்திடுச்சு. நல்லா நடமாடுறப்பவே கண்டுபிடிச்சா மருந்துலயே காப்பாத்திடலாம். விட்டா அவங்களுக்கும் இந்தக் கட்டில்தான்."

கூடப் பிறந்தவள் ஒருத்திதான். சந்திரகாந்தா. சந்திரவதியின் தம்பி ஜினசந்திரன் மகனுக்கு அவளைத் தையில் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தோம். கண்ணைப் பரிசோதித்தார்கள் என்ற பேச்சு கிளம்பினாலே கல்யாணம் நின்றுவிடும். பிறகு எங்கள் வாசலில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள். ஆனால் மறைத்துப் பெண் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. திண்டிவனத்துக்குப் புறப்பட்டேன்.

ஜினசந்திரன் அங்கே மல்லாட்டை மண்டி வைத்திருந்தான்; வேர்க்கடலை மொத்த வியாபாரம். நான் போய்ச் சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"வெளிச்சம் இருக்கும்போதே சாப்ட்டுடுங்க மாமா. அப்புறம் பேசலாம்," என்று இலை போடச் சொன்னான். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"யார் யார்கிட்ட சொல்லிக்கினு வந்தீங்க?"

"உன்கிட்டத்தான்."

"அப்ப என்னோட நிக்கட்டும். சுமதி குடிச்சிக் கெட்டான்னே சொல்லிடுங்க மாமா. குடின்னா அவனோட போயிடும். ரத்தம்னா எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது."

"உன் பிள்ளைங்களையும் பார்க்கணுமாம்."

"அந்த டாக்டர் காதுக்கு எங்க பேரே போவக் கூடாது. காந்தாவையும் காட்டாதீங்க. தையில கூட்டிக்கினு வந்துட்டா அவ என் வீட்டுப் பொண்ணு. நான் பார்த்துக்கறேன்."

"அதுக்குள்ள அவளுக்கு முத்திட்டா?"

வெறும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வராதுன்னு நெனச்சிக்குவோம். வேற இன்னா பண்றது?"

அவன் கெட்டவன் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னான். என் மகன் குடித்தான் என்று நானும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். அதைச் சொன்னால் மகளுக்குக் கல்யாணம் நடக்கும். பிழைக்காதவன் பேர் கெட்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. காந்தா அந்தக் கட்டிலில் கிடப்பதுபோல் ஒரு கணம் தெரிந்தது.

பேச்சில் பொழுது போய்விட்டது. ஜினசந்திரன் மனைவி வந்து இலையை மடித்து எடுத்துப்போனாள். பட்டினியோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் சந்திரகாந்தாவை ஊரிலிருந்து அழைத்து வந்தேன். கருவியில் முகவாயை வைத்துக்கொண்டு, "அண்ணனுக்குப் பார்த்த மாதிரியாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமாம். ஆடாம இரு."

டாக்டர் ஒரு கண்ணைப் பார்த்தார், மறு கண்ணைப் பார்த்தார், மறுபடி முதல் கண்ணுக்கே வந்தார்.

"இருக்கு," என்றார். "மெல்லிசாத்தான் இருக்கு. மெட்ராஸ்லேருந்து மருந்து வரவழைக்கிறேன். ஆயுசு பூரா சாப்பிடணும்."

சந்திரவதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆயுசு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

"உங்க அக்கா வழியில வேற பிள்ளைங்க உண்டா?"

சொன்னால் இனி திண்டிவனத்தில் எனக்கு இலை விழாது. ஜினசந்திரனின் மூன்று பிள்ளைகள் பெயரையும் சொன்னேன். மண்டி இருக்கும் தெருவையும் சொன்னேன்.

"வருவாங்களா?"

"வரமாட்டாங்க. நீங்க வாங்க, நான் வீடு காட்டுறேன்."

வார்டுக்குத் திரும்பினேன். மண்ணாங்கட்டி தலையைத் தூக்கினார். "இன்னா பெரியவரே, கடை எதுன்னு டாக்டர் கண்டுபுடிச்சாரா?"

"கண்டுபிடிச்சார். எங்க வீடுதான். எங்க ரத்தம். என் பிள்ளை ஒரு சொட்டும் தொட்டதில்லை."

யாரும் சிரிக்கவில்லை. சுமதிநாதன் சுவர்ப் பக்கமே கிடந்தான். அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னேன்.