ஏற்பிகளின் இடைஞ்சல்

1

இந்தக் கதை ஓர் அச்சுப்பிழையில் பிறந்தது. அந்தப் பிழையும் என் கற்பனைதான், வேறு யாரையும் மாட்டிவிடவில்லை. முதல் வரி: "1983, தென்காசியில் சாரல் மெல்ல..." வேண்டாம். சாரலில் தொடங்காத தென்காசிக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

2

இராமலட்சுமி மதுரையில் மூளை ஆராய்ச்சி செய்பவள். நியூரோபெப்டைடு என்பது மூளைக்குள் அலையும் செய்தித் துணுக்கு. அதைப் பிடித்துக்கொள்ளும் இடம் ஏற்பி. அவரவர் துணுக்கு அவரவர் ஏற்பிக்கு என்றுதான் அவள் படித்திருந்தாள். ஆனால் சோதனையில் இரண்டாவது துணுக்கைச் சேர்த்ததும் முதலாவதன் பிடி தளர்ந்தது. மூன்று முறையும் அப்படியே.

"சோதனைக் குழாயை ஒழுங்காகக் கழுவவில்லை" என்றார் பேராசிரியர். விடுமுறைக்குத் தென்காசி வந்தவள், 'நான் செய்தது தப்பு, முடிவுகளைக் கைவிடுகிறேன்' என்று அவருக்கு இன்லண்ட் கடிதம் எழுதிக் காலையில் தபால் பெட்டியில் போட்டுவிட்டாள். இரண்டு வருட உழைப்பு. (இங்கே அவளை அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அழுகிற ரகமில்லை அவள்.)

3

பிறகு அச்சகம். குற்றாலம் விழா மலருக்கு அவள் எழுதிய கட்டுரையின் புரூப், பிழை பார்த்துத் தரவேண்டிய அச்சுப்படி. 'ஏற்பிகளின் இடைவினை' என்ற தலைப்பு 'ஏற்பிகளின் இடைஞ்சல்' ஆகியிருந்தது.

"பாய், என்னத்தக் கோத்திருக்கீய?"

"விழா மலர்ல போயி வினைன்னு போட்டா நல்லாவா இருக்கும் தங்கச்சி?" என்றார் அச்சுக்கோக்கும் ஹபீபுல்லா. "அருவியில பக்கத்து ஆளு முழங்கைய நீட்டுனா நம்ம தலையில தண்ணி குறையுதுல்லா? நம்ம எடத்த அவன் புடிக்கல. அவன் எடத்துலதான் நிக்குதான். அதான் இடைஞ்சல்."

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது துணுக்கு முதலாவதன் இடத்துக்கு வரவே இல்லை! தன் ஏற்பியில்தான் உட்கார்ந்தது. அந்த ஏற்பி அசைந்து பக்கத்து ஏற்பியின் பிடியை மாற்றிவிட்டது. குழாய் சுத்தம்தான்! (அறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இது இன்னும் ஊகம். ஆனால் என்ன ஊகம்!)

"திருத்தாதீய பாய், அப்படியே இருக்கட்டு!" என்று கத்திக்கொண்டே தபால் பெட்டிக்கு ஓடினாள்.*

* இன்னொரு கடிதம் எழுதலாமே என்பவர்களுக்கு: தப்பு என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தவளை அந்தப் பேராசிரியர் மறுபடி நம்பமாட்டார்.

4

முடிவு ஒன்று: பெட்டி காலி. சீச்சீ.

முடிவு இரண்டு: பத்து வருடம் கழித்து மேடை, மாலை, கைதட்... இதை நானே நம்பமாட்டேன்.

முடிவு மூன்று: தபால்காரர் கைலாசம் கடிதங்களைப் பையில் அள்ளிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, மேல கெடக்குத அந்த இன்லண்டத் தந்துருங்க. நான்தான் போட்டேன்."

"போட்டது போட்டதுதான் தாயி. எடுத்துக் குடுத்தா என் வேல போயிரும்."

அவர் சொல்வதும் நியாயம். அவள் நகரவில்லை. இதற்குமேல் எழுத எனக்குத் துணிச்சலில்லை; கைலாசத்தையும் அனுப்பிவிட்டேன். பை இப்போது உங்கள் தோளில். அவள் கையை நீட்டிவிட்டாள்.