இரண்டு முறை திருப்பிய கடிகாரம்

“அந்தத் தகட்டைக் கழட்டுங்க ராய்ஸ்! இப்பவே கழட்டுங்க!”

“சும்மா தமாஷுக்கு மாட்டுறதும்மா. இதுக்குப் போய் இப்படிக் கத்துறியே.”

“தமாஷா? உங்க பேரைப் போட்டு மாட்டிப் பாருங்க, எவ்வளவு தமாஷா இருக்குன்னு தெரியும்!”

எழுந்து போவதுதான் நாகரிகம். நான் என் புரிட்டோ ரொட்டிச் சுருளை இன்னும் மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தேன். பனி கொட்டும் மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸில் வேறென்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

எங்கள் கம்பெனியில் சிப் வடிவமைக்கிறோம். ஆலையிலிருந்து ஒரு சிப் செத்து வந்தால், அதைச் சாப்பாட்டு அறையில் இருக்கும் மரப்பலகையில் ஒட்டி, கீழே கொன்றவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டுவார்கள். எங்கள் மேலாளர் ராய்ஸ் டால்மன் ஆரம்பித்த வழக்கம் இது. சிரித்துக்கொண்டேதான் மாட்டுவார். ஆனால் பலகையில் பெயர் ஏறிய யாருக்கும் அடுத்த சிப்பின் தலைமை கிடைத்ததில்லை. அது இந்த முறை மார்லிஸ் ஓஸ்ட்பிக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அன்று காலை வந்து பார்த்தால் பலகையில் அவள் பெயர் பளபளக்கிறது.

“என் சிப் சாகலை,” என்றாள் மார்லிஸ். “போர்டுலதான் ஏதோ மாறியிருக்கு. டுவெய்ன், போர்டுல கை வெச்சியா?”

சிப்பைப் பொருத்திவைக்கும் மின்சுற்று போர்டு செய்கிறவன் டுவெய்ன் ஃபிக்கெட். காபிப் பாத்திரத்தோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். “போர்டு போர்டாத்தான் இருக்கு,” என்றான், கோப்பைக்குள் பார்த்தபடி. இவன் இப்படிக் கோப்பைக்குள் பார்த்தால் பொய் சொல்கிறான் என்று அவனுடைய முதல் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

விஷயம் இதுதான். சிப்புக்குள் எல்லாமே கடிகாரத் துடிப்புக்கு ஏற்பத்தான் நடக்கும். துடிப்பு ஏறும் நொடியில் தகவலை எடுத்துக்கொள்ள வேண்டும். துடிப்பு தலைகீழானால், தகவல் மாறிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து எடுக்கும். குடும்பப் படம் எடுக்கும்போது, எல்லோரும் இடம் மாறிக்கொண்டிருக்கையில் பொத்தானை அமுக்குகிற மாதிரி. போர்டில் இந்தத் துடிப்பு ஜோடிக் கம்பியில் ஓடும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கம்பிகள் இடம் மாறினால் துடிப்பும் தலைகீழ்.

பழைய போர்டில் டுவெய்ன் அந்தக் கம்பிகளை மாற்றிப் போட்டுவிட்டான். “உள்ள திருப்பிக்கோ,” என்றார் ராய்ஸ். மார்லிஸ் சிப்புக்குள் கேட் என்ற ஒரு சின்ன மின்சுற்றை வைத்தாள். அதன் ஒரு காலில் துடிப்பு வரும். இன்னொரு காலில் பூஜ்யம் கொடுத்தால் துடிப்பு அப்படியே போகும், ஒன்று கொடுத்தால் தலைகீழாகப் போகும். எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள அந்தக் காலை வெளியே ஒரு முனையாக விடலாம் என்று கெஞ்சினாள். “இதுக்கெல்லாம் ஒரு முனையா?” என்று உள்ளேயே ‘ஒன்று’க்குக் கட்டிவைக்கச் சொன்னவரும் ராய்ஸ்தான். அந்த இணைப்பை வரைந்தவள் நான். அதனால் எனக்குத் தெரியும்.

மார்லிஸ் ஆய்வகத்துக்கு நடந்தாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். போகாமல் இருக்க முடியுமா? போர்டில், சிப்பின் கடிகார முனையில் அலைகாட்டியின் ஊசியை வைத்தாள். திரையில் துடிப்பு நேராக ஓடியது.

“பாத்தீங்களா? இது தலைகீழா வரணும், நேரா வருது. கம்பியை நேராக்கியிருக்கான். என் சிப் அதைத் திருப்பிக் கெடுக்குது. ரெண்டு பேரும் ஒரே தப்பை ஆளுக்கு ஒரு பக்கம் திருத்தியிருக்கோம். எனக்கு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு தேஞ்சிடுமாடா?”

“நான் சொன்னேன்!” டுவெய்னின் குரல் கீச்சிட்டது. “பழைய தப்பு அசிங்கமா இருந்துச்சு, புது போர்டுல சரி பண்ணேன். ராய்ஸ்கிட்ட சொன்னேன். கார் நிறுத்துற இடத்துல, சிப் ஆலைக்குப் போறதுக்கு முன்னாடியே. ‘நான் பாத்துக்கறேன்’னாரு!”

எல்லோரும் ராய்ஸைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார்.

“ஆயிரம் வேலை. ஞாபகம் இல்லம்மா.”

“சிப் செத்து வந்தப்போ ஞாபகம் வந்துச்சா வரலையா?”

ராய்ஸின் கழுத்து மெல்லச் சிவந்தது.

மார்லிஸ் கத்தியை எடுத்து போர்டின் மீதிருந்த இரண்டு கோடுகளை வெட்டினாள். மெல்லிய கம்பிகளைக் குறுக்காக வைத்துப் பற்றவைத்தாள். அவ்வளவு கோபத்திலும் சூட்டுக்கோல் இம்மியும் பிசகவில்லை. மின்சாரம் கொடுத்ததும் சிப் சமர்த்தாக வேலை செய்தது.

“சபாஷ்!” என்று ராய்ஸ் கை தட்டினார். “நம்ம டீம்னா டீம்தான்!”

“தகடு.”

“திங்கட்கிழமை கழட்டிடலாம். இப்ப என்கிட்ட ஸ்க்ரூடிரைவர் இல்லையே.”

மின்னணு ஆய்வகத்தில் நின்றுகொண்டு சொன்னார் இதை. நான்கைந்து கைகள் ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவரை நீட்டின. அவர் எதையும் வாங்கவில்லை. ஒரு மேலாளர், ஊழியர்கள் எதிரில் தான் மாட்டியதைத் தானே கழற்றுவதா?

“அப்ப அடுத்த சிப்?” என்றாள் மார்லிஸ்.

“இவ்வளவு கோபக்காரிகிட்ட ஒரு டீமைக் கொடுக்கிறது எப்படின்னு யோசிக்கணும்.”

“யோசிக்காதீங்க. நான் போறேன்.”

அன்று மாலையே மேசையைக் காலி செய்துவிட்டாள். தகட்டைத் தொடக்கூட இல்லை. அதை அவளே கழற்றுவாள் என்று நான் பந்தயம் கட்டியிருந்தேன். தோற்றேன்.

அடுத்த சிப்பின் தலைமையை டுவெய்னுக்குக் கொடுத்தார் ராய்ஸ். அது வாயை அடைக்கத்தான் என்று நான் சொல்லவில்லை, வரவேற்பில் இருக்கும் பெண் சொன்னாள். அந்த வாய் எங்கே அடைபட்டது? ராய்ஸை விவாகரத்து செய்திருந்த பாட்ரிஸிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். கொட்டக் கொட்டப் பழக்கம் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் அவளையே கல்யாணம் செய்துகொண்டான். ராய்ஸ் ஃபீனிக்ஸுக்குக் குடிபோய்விட்டார். மார்லிஸ் இப்போது பாய்ஸி நகரில் ஒரு சிப் குழுவுக்குத் தலைவி. குதிரைக்கு லாடம் அடிக்கிற ஒருவரோடு வாழ்கிறாள், இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.